கேள்வியோடு மலையிறங்குங்கள்
(பல்கலைக்கழக அறிவியல் நூலகத்தைப் பயன்படுத்தக் கொல்லிமலை வாசகருக்கு வழிகாட்டி)

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து சேலம் கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால், அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, ஓமலூர்ப் பக்கம் போகும் பேருந்தில் ஏற வேண்டும். காலை முதல் வண்டியைப் பிடித்தாலும் நூலக மேசையில் உட்காரும்போது முற்பகல் ஆகிவிடும். மலையேறும் கடைசி வண்டியை நினைத்துச் சீக்கிரமே கிளம்பவும் வேண்டும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் போய் நின்று, "மரவள்ளியைப் பத்தி ஏதாச்சும் புக் இருக்குங்களா?" என்று கேட்டால், நூலகர் ஓர் அலமாரியைக் கைகாட்டுவார். அந்த அலமாரி முன்னாலேயே பொழுது போய்விடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், விவசாயி, தொண்டு நிறுவன ஊழியர் யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

எதற்கு எங்கே போவது?

பக்கம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் சேலம் போகாதீர்கள். பொது அறிவியல், இணைய இதழ்கள், நம் வட்டாரம் குறித்த ஆய்வேடுகள் ஆகியவற்றுக்கு 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் பொருத்தம். பயிர், மண், பூச்சி என்றால் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகம். ஆடு, மாடு, கோழி என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. அதே வளாகத்தில்தான் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

செடியின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் நான் முதலில் திருச்சிக்குத்தான் அனுப்புவேன். தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் கூடம், அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. அவர் 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட 'தி ஃபுளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்' கொல்லிமலையையும் உள்ளடக்கியது. கோவைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இறங்கும் முன் செய்ய வேண்டியவை

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "சாமை" என்பது கேள்வி ஆகாது. "மானாவாரிச் சாமையில் வரிசை விதைப்புக்கும் கைவிதைப்புக்கும் மகசூல் எவ்வளவு வித்தியாசப்படுகிறது?" என்பது கேள்வி. எழுத வரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

2. பெயர்களைத் திரட்டுங்கள். வீட்டில் சொல்லும் பெயர், கடையில் சொல்லும் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர் எல்லாம் வேண்டும். அறிவியல் பெயரிலும் பழையது, புதியது என்று உண்டு. சாமையை இன்று பானிகம் சுமத்ரென்ஸ் என்கிறார்கள். பழைய கட்டுரைகள் பானிகம் மிலியாரே என்று எழுதும். பனிவரகின் பெயரோ பானிகம் மிலியேசியம். மிலியாரே, மிலியேசியம் இரண்டையும் குழப்பிக்கொண்டால் சாமைக்குப் பதிலாகப் பனிவரகைப் படித்துவிட்டு வருவீர்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' இணையதளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இப்போது ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். கட்டணம் இல்லை.

3. ஊர்ப் பெயரையும் பல விதமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'கொல்லி ஹில்ஸ்' என்று இரண்டு சொல்லாகவும், 'கொல்லிமலை' என்று ஒரே சொல்லாகவும், பழைய நூல்களில் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்து 'கொல்லிமலைஸ்' என்றும் வரும். மாவட்டம் இன்னும் முக்கியம். நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரி 1இல். அதற்கு முந்தைய ஆவணங்களில் நம் மலை சேலம் மாவட்டத்தில் இருக்கும். அதற்கும் முன்னால், ஆங்கிலேயர் காலத்தில், நாமக்கல் தாலுகா சில காலம் திருச்சி மாவட்டத்தோடு இருந்தது. 'நாமக்கல்' என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பியவர்கள் நிறைய.

4. நூலகத்தின் இணையப் பட்டியலை (ஓபேக்) கைபேசியில் பாருங்கள். பல நூலகங்கள் கோஹா என்ற மென்பொருளில் பட்டியலை வைத்திருக்கின்றன. வேண்டிய நூலின் அழைப்பெண்ணை, அதாவது முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை, அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் எல்லாச் சரிவிலும் எடுக்காது. எடுக்கும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

5. நூலகத்துக்குப் போன் செய்யுங்கள். இன்று திறந்திருக்கிறதா, வெளியாளை அனுமதிப்பார்களா, கட்டணம் உண்டா, ஜெராக்ஸ் எடுக்க முடியுமா, இந்த அழைப்பெண் உள்ள நூல் அலமாரியில் இருக்கிறதா என்று ஐந்தையும் கேளுங்கள். உள்ளூர் விடுமுறை, பட்டமளிப்பு விழா, ஸ்டாக் எடுக்கும் நாள் எதுவும் இணையத்தில் இருக்காது.

6. கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாணவரானால் கல்லூரி முதல்வரின் கடிதமும் அடையாள அட்டையும். ஆசிரியரானால் தலைமையாசிரியர் கடிதம். விவசாயியானால் ஆதாரும், வேளாண் அலுவலர் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து இரண்டு வரிச் சிபாரிசும். வெளியாளுக்குப் பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கத்தான் அனுமதி. வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டு வாக்குவாதம் செய்வதில் நேரம் போக்க வேண்டாம்.

குறிப்பு: கடிதத்தில் "நூலகத்தைப் பயன்படுத்த" என்று மொட்டையாக எழுதாமல், முதல் படியில் எழுதிய ஒற்றை வரிக் கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள். நூலகர் உங்களை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்று அதை வைத்தே முடிவு செய்வார்.

ஒரு கேள்வியைப் பின்தொடர்வோம்: குச்சிக்காட்டில் மாவுப்பூச்சி

முறையை ஓர் உதாரணத்தில் பார்த்தால் சுலபம். உங்கள் மரவள்ளியில் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகி, கணுவிடை குறுகி, அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல அப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மரவள்ளியைத் தாக்கும் இந்த மாவுப்பூச்சி எது, அதைத் தின்னும் ஒட்டுண்ணி உண்டா?" இதுதான் கேள்வி.

பெயரில் ஆரம்பியுங்கள். நம் ஊரில் குச்சிக்கிழங்கு. இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் 'டேப்பியோகா'. ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் 'கசாவா'. அறிவியல் பெயர் மானிஹாட் எஸ்குலென்டா. பழையது மானிஹாட் யூட்டிலிசிமா. 'டேப்பியோகா' என்று மட்டும் தேடினால் உலகம் அரை நூற்றாண்டாகச் செய்த வேலை கண்ணில் படாது. 'கசாவா' என்று மட்டும் தேடினால் சேலத்து வேலை கண்ணில் படாமல் போகலாம். இரண்டும் வேண்டும்.

அடுத்தது ஆண்டு. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி (பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்) மரவள்ளியையும் ஒரு கை பார்த்தது. அதை அடக்க ஏசரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியை 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி (ஃபெனகாக்கஸ் மானிஹாட்டி) இந்தியாவில் முதலில் தெரிந்தது 2020இல், கேரளத்துத் திருச்சூரில். பிறகு நம் பக்கம் வந்தது. இதற்கு வேறு குளவி: அனகைரஸ் லோபேசி. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

ஆகவே, "மரவள்ளி மாவுப்பூச்சி, தமிழ்நாடு" என்று தேடி 2011ஆம் ஆண்டுக் கட்டுரை கையில் கிடைத்தால் அது வேறு பூச்சியைப் பற்றியது. அதன் ஒட்டுண்ணி மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சியைத் தொடாது. கட்டுரையின் தலைப்பைப் படித்ததும் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள்: வெளியான ஆண்டைப் பாருங்கள், பூச்சியின் முழு அறிவியல் பெயரைப் பாருங்கள். தோட்டத்தில் பூச்சியின் நிறத்தையும் கவனித்துக் குறித்திருந்தால் உதவும். மாவைத் தட்டிவிட்டுப் பார்க்கும்போது மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாகவும் பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகவும் இருக்கும். கடைசி முடிவைப் பூச்சியியல் வல்லுநரிடம் விடுங்கள்.

பின்னோக்கியும் போகலாம். 1970களில் மரவள்ளி மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவில் பரவியது. அங்கே ஆய்வாளர்கள் தென் அமெரிக்காவுக்குப் போய், பராகுவேயில் இதே அனகைரஸ் லோபேசி குளவியைப் பிடித்து வந்தார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஒரு கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் இவை எல்லாம் வரிசையாக வந்து சேரும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் மேலும் தேடுவதை நிறுத்திவிட்டு அதன் மேற்கோள் பட்டியலை ஜெராக்ஸ் எடுப்பதே என் சிபாரிசு.

நூலகத்துக்குள்

1. பையை வாசல் ரேக்கில் வைத்துவிட்டு, நோட்டு, பென்சில், கைபேசி, கண்ணாடி, கடிதம் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பணத்தைப் பையில் விடாதீர்கள். பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்திடுங்கள்.

2. புத்தக அலமாரிக்கு நேரே போகாமல் தகவல் மேசைக்குப் போங்கள். ஒற்றை வரிக் கேள்வியை எழுதிய தாளையே நீட்டுங்கள். "ஐயா, இந்தக் கேள்விக்குப் புத்தகத்துல தேடறதா, இதழ்ல தேடறதா?" என்று கேட்டால் போதும். கூச்சப்பட வேண்டாம். அதற்குத்தான் அந்த மேசை.

3. அழைப்பெண்ணை வைத்து நூலை எடுங்கள். பல நூலகங்களில் டியூயி பகுப்பு முறைதான். 500 வரிசை அறிவியல், 580 தாவரவியல், 632 பயிர்ப் பூச்சியும் நோயும், 633 வயல் பயிர்கள். அதில் 633.17 சிறுதானியம், 633.682 மரவள்ளி. மரவள்ளிப் பூச்சி நூல் 632இலும் இருக்கலாம், 633இலும் இருக்கலாம். இரண்டு இடமும் பாருங்கள்.

குறிப்பு: டியூயியில் தமிழ்நாட்டுக்கான இட எண் 5482. தமிழ்நாட்டுத் தாவரங்கள் பற்றிய நூல் 581.95482 என்று முடியும். எண்ணின் வாலில் 5482 தென்பட்டால் அது நம் மாநிலச் சரக்கு. அலமாரியை வேகமாக மேயும்போது இந்த நான்கு இலக்கம் கண்ணில் குத்தும்படி பழகிக்கொள்ளுங்கள்.

எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து நின்றால் அது பெரும்பாலும் கோலன் பகுப்பு முறை. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது உருவாக்கி 1933இல் வெளியிட்டது. அதில் தாவரவியலுக்கு 'ஐ', வேளாண்மைக்கு 'ஜே'.

4. எடுத்த நூலைத் திரும்ப அலமாரியில் செருகாதீர்கள். மேசையில் வையுங்கள். தப்பான இடத்தில் செருகிய நூல், அடுத்தவருக்குத் தொலைந்த நூல்.

5. ஜெராக்ஸ் எடுப்பதில் அளவு வையுங்கள். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழு நூலையும் நகலெடுக்க அது உரிமம் இல்லை. எந்த நகல் எடுத்தாலும் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, இது எந்த நூலின் 214ஆம் பக்கம் என்று விழிப்பவர்களுக்குக் கணக்கில்லை.

இணைய இதழ்கள்

இன்றைய அறிவியல் நூலகத்தில் பாதிச் செல்வம் அலமாரியில் இல்லை, கணினியில் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் இவை திறந்துவிட்டன. நீங்கள் அப்படிப்பட்ட கல்லூரி மாணவரானால், மலையிறங்காமலேயே படிக்க வழி இருக்கலாம். உங்கள் கல்லூரி நூலகரிடம் உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கேளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்ற சேவையும் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை.

எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர், பல்கலைக்கழக நூலகக் கணினியில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் வழி அடைபடவில்லை. பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் 'கரண்ட் சயின்ஸ்', 2002 முதல் வரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரெடிஷனல் நாலெட்ஜ்' ஆகியவற்றை இலவசமாகவே படிக்கலாம். தாவரவியலாளர் கேம்பிள் 1915இல் தொடங்கி, ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல், 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' தளத்தில் இருக்கிறது.

எச்சரிக்கை: சந்தா இதழ்களில் ஒரு தொகுதியையே ஒரே மூச்சில் தரவிறக்காதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று கணித்து, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஆய்வேடுகள்

கொல்லிமலையைப் பற்றிய நுணுக்கமான தகவல் அச்சுப் புத்தகத்தில் இருப்பதைவிட ஆய்வேட்டில்தான் அதிகம். மலையின் ஒரு நாட்டில் (ஊர்த்தொகுதியில்), ஓர் ஊரில், எந்த வீட்டில் எந்தச் சாமை ரகம் என்ற அளவுக்கு யாரோ அலைந்து எழுதியிருப்பார்கள், அச்சாகாமல் கிடக்கும்.

1. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃபிளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். வேளாண் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்று தனித் தளம் உண்டு. வேளாண்மைக் கேள்விக்குச் சோத்கங்காவை மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள்.

2. சோத்கங்காவில் ஓர் ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. தலைப்பு, சான்றிதழ், பொருளடக்கம், இயல்கள் என்று துண்டு துண்டாக எண்ணிட்டு வைத்திருப்பார்கள். முதலில் பொருளடக்கக் கோப்பை மட்டும் திறந்து, வேண்டிய இயலைத் தேர்ந்து, அதை மட்டும் இறக்குங்கள். மலைச் சிக்னலுக்கு இதுவே உகந்தது.

3. பழைய ஆய்வேடுகள் படமாக ஸ்கேன் செய்தவை. அதற்குள் சொல் தேடினால் "இல்லை" என்றே வரும். அதை நம்பாமல் கண்ணால் புரட்டுங்கள்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்கள், சமுதாய விதை வங்கி குறித்துப் பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கிறது. சென்னைத் தரமணிக்குப் போகிறவர்கள் அங்கே முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போகலாம்.

உலர்தாவரக் கூடத்தில்

இங்கே நூல் இல்லை. தாளில் ஒட்டிய உலர்ந்த செடி. அதைப் பார்த்து ஒப்பிடும்போது பூவையும் இலையையும் மட்டும் பார்க்காமல், வலது மூலையில் உள்ள சீட்டைப் படியுங்கள். சேகரித்தவர், நாள், இடம், உயரம் அதில் இருக்கும். கொல்லிமலையிலேயே எடுத்த மாதிரி கிடைத்தால் சீட்டு முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு இங்கே வெறும் சடங்கில்லை. பூச்சி அரிக்காமலிருக்க உலர்தாவரங்களுக்கு மெர்குரிக் குளோரைடு பூசுவது பழைய வழக்கம். அது கொடிய நஞ்சு. எச்சில் தொட்டுத் தாள் புரட்டக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகுதான் டீ, வடை எல்லாம். தாளைப் புத்தகம் போலத் திருப்பாதீர்கள். இரண்டு கையாலும் மட்டமாகத் தூக்கி வையுங்கள்.

இன்னொரு வகைப் பாதுகாப்பும் உண்டு. மருந்துச் செடி என்று நூலில் ஒத்துப்போனதை வைத்து யாரும் வேரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். ஒரே தமிழ்ப் பெயரில் இரண்டு மூன்று செடிகள் உலவுகின்றன. அரிய செடி நிற்கும் சோலையின் துல்லியமான இடத்தைப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வதும் வேண்டாம். அடுத்த பருவத்தில் அங்கே குழிதான் மிஞ்சும்.

திரும்பிய பின்

1. அன்றிரவே, அல்லது மறுநாள் காலையில், நகல்களின் மேல் நூல் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம், நூலகம், அழைப்பெண் ஆறையும் எழுதுங்கள். பேருந்திலேயே எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எழுபது வளைவில் குனிந்து எழுதினால் வயிறு பொறுக்காது.

2. தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பனிக்காலத்து ஈரத்தில் ஜெராக்ஸ் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கணினி மையத்தில் செருகிய பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் பள்ளிக் கணினியில் போடாதீர்கள்.

3. கிடைக்காத நூலுக்கு, நூலகங்களுக்கிடையேயான இரவல் கேளுங்கள். தில்லியிலிருந்து இயங்கும் டெல்நெட் நூலக வலையமைப்பில் உறுப்பினரான கல்லூரி என்றால் நூலகர் வழியாக வரவழைக்க முடியும்.

4. படித்ததை வைத்து மருந்தடிக்கும் முன் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். காட்டுவதற்காகப் பூச்சி பிடித்த குச்சியை ஒடித்துப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோக வேண்டாம், வழியெல்லாம் பரப்பிவிடுவீர்கள். கைபேசியில் நுனி, இலையின் அடிப்புறம், முழுச் செடி என மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். மாதிரி வேண்டுமென்று அவர்களே கேட்டால், எப்படிக் கட்டி எடுத்துவருவது என்றும் அவர்களையே கேளுங்கள்.